லேப்டாப் சூடும் வாரண்டி அட்டையும்

எங்கள் ஞாயிறு வகுப்புக்குத் தவறாமல் வரும் ஒரு தங்கை, போன வருஷம் இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லை. போன் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மாசாயில் வீடு. ஸ்கூடாய் பக்கம் ஒரு கல்லூரியில் டிசைன் படிக்கிறாள். பிடிபிடிஎன் கடன் பணத்தோடு அம்மா கூட்டுப் பணத்தையும் சேர்த்து, 3,200 ரிங்கிட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கியிருந்தாள். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் பாதியில் இருக்கும்போது, திரையில் கோடு கோடாக வந்தது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகும். நாலு நாள் அப்படியே ஓட்டினாள். ஐந்தாம் நாள் திரை முழுக்கக் கறுப்பு. மின்விசிறி மட்டும் சுற்றியது.

வாங்கிய கடைக்குத் தூக்கிப் போனாள். அங்கே பார்த்துவிட்டு, "கிராஃபிக்ஸ் சிப் போச்சு. மதர்போர்டையே மாத்தணும், 1,400 ஆகும்" என்றார்கள். வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வாரண்டி பன்னிரண்டு மாதம். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணா, அம்மாகிட்ட மறுபடி எப்படிக் காசு கேக்குறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த மாதப் பாடம் பிறந்தது. கேமிங், எடிட்டிங், டிசைன் என்று நம் பிள்ளைகள் எல்லாருமே இப்போது கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்தான் வாங்குகிறார்கள். அதனால் இது ஒருத்தியின் கதை மட்டும் இல்லை.

1. சிப் ஏன் சாகிறது?

"ரொம்ப சூடாச்சு, எரிஞ்சு போச்சு" என்று பொதுவாகச் சொல்வோம். பல நேரம் சிப் எரிவதே இல்லை. அதன் கால் உடைகிறது. எப்படி என்று பாருங்கள்.

கிராஃபிக்ஸ் சிப் என்பது ஒரு சின்ன சிலிக்கான் துண்டு. அதன் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நூற்றுக்கணக்கான ஈயப்பற்றுப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் சிப்பை அதன் கீழே உள்ள பலகையோடு ஒட்டிப் பிடிக்கின்றன. மின்சாரமும் அதன் வழியாகத்தான் போகிறது. சூடேறும்போது சிலிக்கான் கொஞ்சம்தான் விரியும். கீழே உள்ள பலகை அதைவிடப் பல மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட புள்ளிகள் இழுபடுகின்றன. லேப்டாப்பை அணைத்தால் குளிர்ந்து, எதிர்ப்பக்கம் இழுபடுகின்றன.

கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். குறடு கையில் இல்லாவிட்டால் கம்பியை எப்படி அறுப்போம்? ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் பத்து இருபது தடவை வளைப்போம், பட்டென்று முறியும். ஒரு தடவை வளைத்தால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப வளைப்பதுதான் அதை முறிக்கிறது. சிப்பின் கதையும் அதேதான். ஒரு நாள் 90 டிகிரி போனதால் அது சாவதில்லை. தினமும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் எங்கோ ஒரு புள்ளியில் விரிசல் விழுகிறது. அந்தச் சமயம் பார்த்தால் வாரண்டி முடிந்திருக்கும்!

2. உலகமே பார்த்த ஒரு வழக்கு

இது கற்பனையோ சாக்குப்போக்கோ இல்லை. 2008 ஜூலை 2ஆம் தேதி, என்விடியா நிறுவனமே ஓர் அறிவிப்பு விட்டது. தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்களில் சில, வழக்கத்துக்கு அதிகமாகப் பழுதாகின்றன, சிப்பையும் அதன் பொதியையும் இணைக்கும் பொருளில் பலவீனம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. பழுதுபார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 15 கோடி முதல் 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்குவதாகச் சொன்னது. அதோடு, லேப்டாப்பின் வடிவமைப்பும் பயனீட்டாளர் அதைப் பயன்படுத்தும் விதமும்கூடக் காரணம் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நமக்கு வேலை இருக்கிறது.

அடுத்து என்ன நடந்தது? டெல் நிறுவனம் முதலில் மின்விசிறியை அதிக நேரம் ஓடவைக்கும் பயோஸ் புதுப்பிப்பு கொடுத்தது. பிறகு அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை 12 மாதம் நீட்டியது. எச்பியும் குறிப்பிட்ட சில மாடல்களுக்கு வாரண்டியை நீட்டியது. ஆப்பிள் கதைதான் சுவாரஸ்யம். "உங்கள் கணினிகளில் இந்தப் பிரச்சினை இல்லை" என்று என்விடியா அதற்கு உறுதி கொடுத்திருந்தது. ஆப்பிள் தானே சோதித்துப் பார்த்து, சில மேக்புக் புரோக்களில் இருக்கிறது என்று 2008 அக்டோபரில் அறிவித்தது. வாரண்டி முடிந்தவர்களுக்கும் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருஷம் வரை இலவசமாகச் சரிசெய்து கொடுப்பதாகச் சொன்னது. பின்னால் அந்தக் காலத்தையும் நீட்டியது.

அமெரிக்காவில் வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2010 டிசம்பரில் கலிபோர்னியாவில் உள்ள நீதிமன்றம் சமரச ஒப்பந்தத்துக்கு இறுதி ஒப்புதல் கொடுத்தது. பழுதான லேப்டாப்புக்குப் பதில் மாற்று லேப்டாப், பழுதுபார்ப்பு, செலவழித்த காசு என்று வகைக்கு ஏற்ப நிவாரணம் கிடைத்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். அதே சிப் உள்ள லேப்டாப்பை ஜொகூர் பாருவில் வாங்கியவருக்கு அதில் இடமில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, வாரண்டி அட்டையில் உள்ள தேதி கல்லில் செதுக்கியது இல்லை. பழுது பொருளில் இருந்தால் அதை நீட்ட முடியும், நீட்டியும் இருக்கிறார்கள். இரண்டு, கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. அப்படியானால் நாம் எங்கே போய்க் கேட்பது?

3. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 32ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சொந்தத் தேவைக்காக வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்று சட்டமே ஓர் உத்தரவாதம் தருகிறது. கடைக்காரர் அதை எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏற்கத்தக்க தரம் என்றால் என்ன? வேலைக்கு உதவணும், பாதுகாப்பா இருக்கணும், குறை இல்லாம இருக்கணும், அதோடு நீடித்து உழைக்கணும். பொருளின் தன்மையும் கொடுத்த விலையும் இதில் கணக்கில் வரும்.

3,200 ரிங்கிட் லேப்டாப் பதினான்கு மாதத்தில் சாவது நீடித்து உழைப்பதா? இந்தக் கேள்வியை எழுப்ப நமக்கு உரிமை உண்டு. வாரண்டி அட்டை என்பது நிறுவனம் தன் பங்குக்குக் கொடுக்கும் வாக்கு. சட்டம் கொடுக்கும் உத்தரவாதம் அதிலிருந்து வேறு. "எங்க கடை விதி இப்படித்தான்" என்று ரசீதின் பின்னால் அச்சடித்து அதை ரத்து செய்ய முடியாது. 6ஆவது பிரிவு அதற்கு இடம் தரவில்லை.

ஆனால் ஒன்று. கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பொருளை முறையாகப் பயன்படுத்தாமல் கெடுத்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. என்விடியா சேர்த்த அந்த ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரரும் அதையேதான் சொல்வார்: "நீங்க மெத்தையில வச்சு யூஸ் பண்ணியிருப்பீங்க." அதனால் நாம் ஒழுங்காகப் பயன்படுத்தினோம் என்று காட்டத் தெரியணும்.

4. ஐந்து ரிங்கிட் வாசல்

கடைக்காரர் மறுத்துவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. டிடிபிஎம் என்பார்கள். இன்று 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பாரம் 1 என்ற படிவத்தை நிரப்பணும். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது. இது நமக்கு நல்லது, ஏனென்றால் எதிர்ப்பக்கமும் வக்கீலோடு வர முடியாது. முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனுப் போடணும்.

ஜொகூர்காரர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். பாலம் தாண்டி சிங்கப்பூரில் லேப்டாப் வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. வாங்கும் முன்னாலேயே, வாரண்டி மலேசியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே வாங்கிய பொருளுக்கு நியாயம் கேட்கும் இடமும் அங்கேதான். 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில், கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. அங்கேயும் சிறு கோரிக்கைகளுக்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. 20,000 சிங்கப்பூர் டாலர் வரை, இரண்டு வருஷத்துக்குள் போகலாம்.

தனி ஆளிடம் பழைய லேப்டாப் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வியாபாரம் செய்பவரிடம் வாங்கியதற்குத்தான் சட்டம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓடும் தம்பிகள் இதைக் கவனிக்கணும்.

5. அடையாளம் தெரிந்தால் என்ன செய்யணும்?

திரையில் கோடுகள், ஒரே படம் இரண்டு மூன்றாகத் தெரிவது, சம்பந்தமில்லாத எழுத்துகள், ஆன் ஆகியும் கறுப்புத் திரை. 2008இல் டெல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன அடையாளங்களும் இவைதான். இவற்றில் ஒன்று வந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் உங்கள் பைல்களைக் காப்பி எடுங்கள். கோடு வருகிற நாள்தான் கடைசி எச்சரிக்கை. அடுத்து, அந்தத் திரையைக் கைத்தொலைபேசியில் தேதியோடு வீடியோ எடுங்கள். மூன்றாவது, வாரண்டி இருக்கிறதோ இல்லையோ, வாங்கிய இடத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை.

முக்கியமா, இது முடியும்வரை வெளிக்கடையில் திறக்கவிடாதீர்கள். நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பல வருஷம் முன்னால் என் லேப்டாப்புக்கு ஒரு கடையில் 250 ரிங்கிட் கொடுத்து "சிப்புக்குச் சூடு காட்டி" வாங்கி வந்தேன். ஆறு வாரம் நன்றாக ஓடியது, பிறகு மறுபடி அதே கறுப்புத் திரை. சூடு காட்டினால் விரிசல் விழுந்த புள்ளி தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். பலவீனம் அப்படியே இருக்கும். அதோடு, "வெளியாள் திறந்துட்டான்" என்ற காரணத்தையும் நானே கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டேன்.

வரும்முன் காக்க: மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள், காற்றுத் துவாரம் அடியில்தான் இருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கு அடியில் கொஞ்சம் உயர்த்தி வைப்பது நல்லது. துவாரத்தில் சேரும் தூசியை அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். வாரண்டிக்குள் திறக்க வேண்டுமென்றால் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். கேம் விளையாடும்போது படவேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், சிப் தேவையில்லாமல் கொதிக்காது. வாங்கும் அன்றே ரசீதைப் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். ரசீதுக் காகிதத்தின் மை ஒரு வருஷத்தில் மங்கிவிடும்.

அந்தத் தங்கை என்ன ஆனாள்?

ரசீது மங்கித்தான் போயிருந்தது. நல்ல வேளை, வங்கி அட்டையில் காசு கட்டியதால் கணக்கில் தேதியும் தொகையும் இருந்தன. திரையில் கோடு வந்தபோது தோழிக்கு அனுப்பிய வீடியோவும் இருந்தது. கடைக்கு ஒரு கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. ஐந்து ரிங்கிட் கட்டி மனுப் போட்டாள். விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே கடையிலிருந்து அழைத்தார்கள். மதர்போர்டை மாற்றித் தருகிறோம், கூலியில் 200 ரிங்கிட் மட்டும் நீங்கள் போடுங்கள் என்றார்கள். முழுசாக இல்லை. அம்மாவோடு பேசிவிட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, சம்மதித்தாள். புராஜெக்டை கல்லூரி லேப்பில் உட்கார்ந்து முதலிலிருந்து செய்தாள், ஏனென்றால் பைல்களைக் காப்பி எடுத்து வைக்கவில்லை. அது மட்டும் எந்தத் தீர்ப்பாயத்திலும் திரும்பக் கிடைக்காது.

வகுப்பில் பேச:

1. உங்கள் வீட்டில் கடைசியாக வாங்கிய மின்சாதனத்தின் ரசீது எங்கே இருக்கிறது? அடுத்த வாரம் அதைப் படம் எடுத்துக் கொண்டு வாருங்கள்.

2. வாரண்டி அட்டைக்கும் சட்டம் தரும் உத்தரவாதத்துக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் அம்மா அப்பாவுக்குப் புரியும்படி இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

3. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் வாடிக்கையாளராகவும் பேசிப் பாருங்கள். கோபப்படாமல், தேதியும் ஆதாரமும் சொல்லிக் கேட்க முடிகிறதா?