உடந்தையர் கூண்டேறும்போது

அன்புள்ள தம்பி,

கிள்ளானில் பயிற்சி வழக்கறிஞராகச் சேர்ந்த கையோடு நீ கேட்ட கேள்வி மனத்தைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கூட்டாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவரிடம், “நீங்களும் பங்கு வாங்கினீர்களா?” என்று எதிர்த்தரப்பு கேட்டால், பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுக்கலாம்தானே என்கிறாய்.

மறுக்க முடியாது. அமெரிக்கப் படங்களில் வரும், தன்னைச் சிக்கவைக்கும் கேள்விக்கு வாய் திறக்காதிருக்க உரிமை தரும் ஐந்தாம் திருத்தத்தை நம் நீதிமன்றத்தில் தேடும் பழக்கத்தை முதலில் விடு. அங்கேகூட, சொல்வதை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்று சட்டப்படி காப்பு அளித்துவிட்டால் சாட்சி பேசியே ஆக வேண்டும். 1972இல் காஸ்டிகர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

இங்கே மலேசியாவில் உரிமை இடத்துக்கு இடம் மாறுகிறது. போலீஸ் விசாரணையில், தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குச் சாட்சி பதில் தர மறுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதே ஆள் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் கூண்டேறிவிட்டால், 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு வந்துவிடும். வழக்குக்குத் தொடர்புள்ள கேள்வி என்றால் பதில் சொல்லியே தீர வேண்டும். ஆனால், நீதிமன்றம் கட்டாயப்படுத்தி வாங்கிய பதிலுக்காக அவரைக் கைது செய்யவோ, அதைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராக நிரூபிக்கவோ முடியாது. பொய் சாட்சி சொன்ன வழக்கு மட்டும் விலக்கு. கட்டாயப்படுத்தும் முன், இந்தப் பாதுகாப்பை நீதிபதி அவருக்கு விளக்கவும் வேண்டும்.

சாட்சி ஆட்சேபிக்காமல் பதில் சொல்லிவிட்டால்? இதற்கு நீ சென்னைக்குப் போக வேண்டும். நம் சட்டத்தின் தாய் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம். 1881இல் கோபால் தாஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், ஆட்சேபித்த பிறகும் பேசவைக்கப்பட்டவருக்கே பாதுகாப்பு என்றார்கள். தி. முத்துசாமி ஐயர் உடன்படவில்லை. தஞ்சைச் சீமையில் ஏழ்மையில் பிறந்து, தெருவிளக்கில் படித்தவர் என்று இன்றும் பேசப்படுபவர். அந்த உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமே பணிக்கும்போது, கேட்கப்பட்டுப் பதில் சொன்ன ஒவ்வொருவரும் கட்டாயத்தின் கீழ்தான் பேசுகிறார் என்பது அவர் வாதம். சட்டம் தெரிந்தவன் ஆட்சேபித்துத் தப்பிப்பான்; தெரியாத கூலித் தொழிலாளி நீதிபதியின் முகத்தைப் பார்த்துப் பயந்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவை என்று நீயே யோசி. இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் சாய 2015 ஆனது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான். சுருக்கக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு அந்த இரண்டு தீர்ப்புகளையும் முழுதாகப் படி.

நம் சட்டமோ “நீதிமன்றத்தால்” கட்டாயப்படுத்தப்பட்ட பதில் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆகவே ஐயரின் தாராளத்தை இங்கே நம்பி இருந்துவிடாதே. உன் கட்சிக்காரர் கூண்டில் நிற்கும்போது ஆபத்தான கேள்வி வந்தால், உடனே அவர் ஆட்சேபிக்க வேண்டும். நீதிபதியின் உத்தரவும் விளக்கமும் குறிப்பில் ஏற வேண்டும். இதை அவருக்கு முதல் நாளே தமிழில் சொல்லிப் புரியவை.

அடுத்து, அந்தச் சாட்சியத்தின் எடை. உடந்தையரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க நம் சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இடம் தந்தாலும், வலுச்சேர்க்கும் வேறு சான்று இல்லாமல் அதை நம்பத் தயங்கலாம் என்கிறது 114ஆம் பிரிவு. 2004 செப்டம்பரில் அன்வார் இப்ராஹிமின் மேல்முறையீட்டில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை, முக்கிய சாட்சியை உடந்தையராகவே கருதி, சான்று போதாதென்று தண்டனையை ரத்து செய்தது.

ஒத்துழைத்தால் வழக்கை மீட்டுக்கொள்கிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னால், எந்த வகை விடுவிப்பு என்று கேள். கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆம் பிரிவின்படி வழக்கைத் தொடுப்பதும் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆம் பிரிவின் கீழ் கிடைக்கும் விடுவிப்பு முழு விடுதலையாக இல்லாவிட்டால், அதே குற்றச்சாட்டு மீண்டும் வரலாம். கட்சிக்காரர் கூண்டேறும் முன் அந்த உத்தரவின் நகலை வாங்கிப் படித்துவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்