கிராமப் பாடசாலையும் பிள்ளைகளின் கட்டுப்பாடும்

கிராமங்களில் பஞ்சாயத்தார், சங்க நிர்வாகிகள், பெற்றோர் ஆகியோர் கூடுமிடங்களிலெல்லாம் இப்போது ஒரு முறையீடு தவறாமற் கேட்கப்படுகிறது. பாடசாலைப் பிள்ளைகள் உபாத்தியாயருக்கு அடங்குவதில்லை என்பதே அது. பாடம் நடக்கையில் எழுந்து திரிதல், எதிர்த்துப் பேசுதல், பெஞ்சுகளைச் சேதப்படுத்துதல், சிறு பிள்ளைகளைத் துன்புறுத்துதல், மேல் வகுப்புகளில் கைபேசியை ஒளித்துவைத்து உபாத்தியாயரையே படம் பிடித்துப் பரிகாசம் செய்தல் என்றவாறு அம்முறையீடு நீளுகின்றது. முடிவில் பெரியவர் ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்: "பிரம்பை என்றைக்கு எடுத்தார்களோ அன்றைக்கே பயம் போயிற்று." கூடியிருப்போர் தலையசைக்கின்றனர். பேச்சு விதை, உரம் என்று வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது.

இத்தீர்ப்பு சரிதானா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும். கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்தவனுக்குப் பாடசாலையில் என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் எண்ணலாம். போலீஸாருமின்றிப் பிரம்புமின்றி, தாங்களே ஏற்றுக்கொண்ட விதிகளுக்கு நூறு பேரைக் கட்டுப்பட்டிருக்கச் செய்வதே ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டருடைய அன்றாட வேலை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு உபாத்தியாயர் படும் பாடும் ஏறக்குறைய அதுவே. ஆதலின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிரம்பு தாராளமாக வழங்கிய காலத்தைப்பற்றி முதலில் அறிவோம். அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும், இப்போது கர்நாடக ராஜ்யத்தில் இருப்பதுமான பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் ஏ. டி. காம்பெல் துரை, 1823-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ரெவினியூ போர்டாருக்கு அனுப்பிய அறிக்கையில் சுதேசப் பள்ளிகளின் நடைமுறையை விவரித்திருக்கிறார். காலை 6 மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவ அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் பூஜ்யம். அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை என்பது பொருள். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்மேல் வருவோர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அடி கூடுதல். சோம்பேறிப் பிள்ளைகளைச் சவுக்கால் அடிப்பதும், இரு கைகளையும் கட்டிக் கப்பி மூலம் கூரையிலிருந்து தொங்கவிடுவதும், ஓயாமல் முழங்காலிட்டு எழச் செய்வதும் உண்டு. தமிழ் ஜில்லாக்களின் திண்ணைப் பள்ளிகளில் இவ்வாறு தொங்கவிடுவதற்குக் கோதண்டம் என்று பெயர்.

எங்கள் இலாகாவின் பழக்கப்படி இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ 1826-ம் வருஷத்தில் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498, பிள்ளைகள் 1,88,650. பள்ளி ஒன்றுக்குச் சராசரி 15 பிள்ளைகள் ஆகின்றனர். அத்தகைய பள்ளியில் காம்பெல் துரை கூறும் முறை அனுஷ்டிக்கப்பட்டால் கடைசியாக வருபவனுக்கு 13 அடி. ஒரு காலையில் விழும் அடிகள் மொத்தம் 91. பதினைந்து பேரும் ஆறு மணிக்கு முன்னரே வந்துவிட்டாலும் இத்தொகை குறையாது. ஏனெனில் எவ்வளவு விரைவில் வந்தாலும் யாரேனும் ஒருவன் கடைசியாகத்தானே வரவேண்டும்? அந்த ஒருவன், விடியற்காலத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டியவனாகவோ, தாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவனாகவோ இருக்கக்கூடும். குற்றத்துக்கும் தண்டனைக்கும் சம்பந்தமே அற்றுப்போன இடத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒழுங்கையா, அடியைத் தாங்கிக்கொள்ளும் பழக்கத்தையா? பிரம்பு ஒன்றே போதுமானதாயிருந்தால் கூரையில் கப்பி எதற்கு என்றும் பெரியவர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

நிற்க. இவ்வறிக்கைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே சென்னையில் வேறொரு சோதனை நடந்திருந்தது. எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட ஆசிரமத்தில், ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் 1789 முதல் 1796 வரை மேற்பார்வையாளராயிருந்தார். ஒரு நாள் காலையில் குதிரையின்மேற் செல்கையில், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துக்களை எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் ஆசிரமத்தில் அரிச்சுவடி வகுப்புக்குக் கைக்கொள்ளும்படி துணை உபாத்தியாயருக்கு உத்தரவிட்டார். அது நடவாத காரியம் என்று அவர் மறுத்துவிட்டார். பெல் பாதிரியார் அவருடன் வாதாடாமல், ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. பின்னர் ஒவ்வொரு வகுப்பும் பிள்ளைகளின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1797-ம் வருஷத்தில் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு புஸ்தகத்தால் இம்முறை சென்னை முறை என்ற பெயருடன் பல தேசங்களுக்கும் பரவியது.

பாடம் கற்பித்த முறையை மட்டும் பாராட்டுவோர், அவர் கட்டுப்பாட்டைக் காத்த முறையைக் கவனிப்பதில்லை. ஆசிரமத்தில் ஒரு குற்றப் புஸ்தகம் இருந்தது. பிள்ளை ஒருவன் தவறு செய்தால் உடனே அடி விழாது. தவறு புஸ்தகத்தில் பதியப்படும். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடிய சபையில் அது படிக்கப்பட்டு, பிள்ளைகளிலேயே சிலர் ஜூரிகளாக அமர்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். உபாத்தியாயருக்குக் கோபம் வந்த வேளைக்கும் தீர்ப்பு ஏற்படும் வேளைக்கும் இடையே சில தினங்கள் சென்றுவிடுகின்றன என்பதே இதிலுள்ள பெரிய நன்மை. சங்கத்தில் தவணை தப்பியவரைக் கடைத்தெருவில் கண்டவுடன் ஏசும் தலைவர் பணத்தை வசூலித்ததை நான் கண்டதில்லை. கமிட்டியில் விஷயத்தை வைத்து, அவரையும் அழைத்து, காரணங் கேட்டு, தவணை குறித்துத் தீர்மானம் எழுதும் தலைவர் வசூலித்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இம்முறையிலும் தீமை இல்லாமலில்லை. 1798-ல் லண்டனைச் சார்ந்த ஸௌதுவார்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிய ஜோஸப் லங்காஸ்டர், இதுபோன்றே பிள்ளைகளைக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்தவர், பிரம்படியை வெறுத்தவர். ஆயினும் அடிக்குப் பதிலாக அவர் கையாண்டவை என்ன? கழுத்தில் மரக்கட்டையை மாட்டுதல், கூடையில் வைத்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டுப் பிறர் நகைக்கும்படி செய்தல் முதலியவை. உடம்பில் தழும்பு விழவில்லை. பிள்ளையின் மானம் போயிற்று. பிரம்பைக் கீழே வைத்துவிட்டு நாவை எடுத்துக்கொள்ளும் உபாத்தியாயர்கள் இன்றும் உண்டு. ஜாதியையும் தகப்பனார் செய்யும் தொழிலையும் சொல்லிப் பிள்ளையை இழிவுபடுத்துவது, என் கருத்தில், பிரம்படியினும் கொடியது. எளிய குடும்பத்துப் பிள்ளை அதன் பின் பாடசாலைப் பக்கமே வருவதில்லை.

நமது ராஜ்யத்தில் நெடுங்காலம் அமுலிலிருந்த கல்வி விதிகளின் 51-வது விதி அடிப்பதை முழுவதும் அனுமதிக்கவுமில்லை, முழுவதும் தடுக்கவுமில்லை. வேண்டுமென்றே பொய் சொல்லுதல், ஆபாசமான சொல் அல்லது செய்கை, வெளிப்படையாகக் கீழ்ப்படிய மறுத்தல் ஆகியவற்றுக்கு மாத்திரம், தலைமை உபாத்தியாயரால் அல்லது அவர் மேற்பார்வையில், உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்றிருந்தது. 2003-ம் வருஷத்தில் அவ்விதி திருத்தப்பட்டு அடித்தல் விலக்கப்பட்டது. 2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையுடன் மனத்தை வருத்துவதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. லங்காஸ்டரின் கூடைக்கும் இப்போது இடமில்லை.

இச்சட்டத்தை நான் முற்றிலும் ஆதரிக்கிறேன். ஆனால் உபாத்தியாயர்களின் குறையையும் மறைக்கலாகாது. இன்னது செய்யாதே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இன்னது செய் என்று சொல்லுவாரும், செய்யக் கற்றுக்கொடுப்பாரும் சிலரே. 2012-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவனொருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியாற் குத்திக் கொன்றான். அவன் படிப்பைப்பற்றிப் பெற்றோருக்கு அவர் குறிப்பெழுதியதே காரணம் என்று பத்திரிகைகள் அப்போது கூறின. மற்றொரு புறம், தண்டனையாலும் அவமானத்தாலும் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளும் வருகின்றன. இரு பக்கத்தும் அச்சம் குடிகொண்டிருக்கும்போது, கண்டும் காணாதவர்போல் இருந்துவிடும் உபாத்தியாயர் பெருகுவது இயல்பே. அவர் வகுப்பில் கூச்சலும் பெருகுகிறது.

செய்யத்தக்கது யாது? அமெரிக்க தேசத்தில் ஜேக்கப் கௌனின் என்பவர் ஒழுங்கான வகுப்புகளையும் ஒழுங்கற்ற வகுப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1970-ல் ஒரு நூல் வெளியிட்டார். தவறு நடந்தபின் உபாத்தியாயர் எவ்வாறு கண்டிக்கிறார் என்பதில் வித்தியாசம் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் காணவில்லை. தவறு நடக்குமுன் அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே வித்தியாசம் இருந்தது. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறதென்பதை அறிந்திருத்தல், ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே மற்றவர்மேலும் கண் வைத்தல், ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இடைவெளி விடாதிருத்தல் ஆகியவையே நல்ல வகுப்பின் இரகசியம் என்று கண்டார்.

நமது கிராமப் பாடசாலைகளின் தொல்லை இங்கேதான் இருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு உபாத்தியாயர் என்பது சட்டத்தின் அளவு. வகுப்புகளோ ஐந்து. ஒருவர் இரண்டாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது மற்ற வகுப்புப் பிள்ளைகளின் கைகள் சும்மா இருக்கின்றன. சும்மா இருக்கும் பிள்ளை குறும்பு செய்யாமல் வேறென்ன செய்யும்? பழைய சட்டாம்பிள்ளை ஏற்பாடு இந்தக் குறையைத் தீர்க்கவே ஏற்பட்டது. ஆனால் ஒருவனே வருஷம் முழுவதும் சட்டாம்பிள்ளையாக இருந்து, கையில் பிரம்பும் பெற்று, முறுக்கும் கடலை மிட்டாயும் கொடுத்தவனை விட்டுக் கொடாதவனை மாட்டிவிடும் கதைகளைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆகையால் அப்பதவி வாரத்துக்கொருவராக எல்லாப் பிள்ளைகளுக்கும் மாறிவரவேண்டும். மந்தமான பிள்ளைக்கும் முறை வரவேண்டும். பெயர் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவனுக்கு ஆகாது. பலகை துடைத்தல், கீழ் வகுப்புக்கு வாசித்துக் காட்டுதல், நோட்டுகளைச் சேர்த்தல் போன்ற வேலைகளே போதும்.

நான் சென்ற ஒரு நடுநிலைப் பாடசாலையில் பிள்ளைகளே நோட்டு, பென்சில் விற்கும் சிறு பண்டகசாலை ஒன்று நடத்தினார்கள். பிள்ளைக்குப் பத்து ரூபாய் பங்கு. வாரத்துக்கு இருவர் விற்பனை, வேறிருவர் கணக்கு. ஜன்னல் கண்ணாடி உடைப்பதில் பேர்போன பையன் ஒருவன் கணக்கு வாரத்துக்கு வந்தபோது, அவனை நீக்கிவிடலாம் என்று உதவி உபாத்தியாயர் சொன்னார். தலைமை உபாத்தியாயர் இணங்கவில்லை. அந்த வாரம் பதினான்கு ரூபாய் குறைந்தது. எல்லோர் கண்ணும் அவன்மேல் விழுந்தது. பைகளைச் சோதிக்காமல், சனிக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளைகளே சிட்டையை வரி வரியாகப் படித்தார்கள். நோட்டு இரண்டைக் கடனாகக் கொடுத்து, அதை எழுதாமல் விட்டவன் வேறொருவன். அவன் தானே எழுந்து சொன்னான். அன்று முதல் மாலையில் இருவர் சேர்ந்தே காசை எண்ணவேண்டும் என்று தீர்மானமாயிற்று. கண்ணாடி உடைத்த பையன் அடியோடு திருந்திவிட்டான் என்று நான் கூறமாட்டேன். அவ்வருஷமே ஒரு பெஞ்சின் காலை முறித்தான். எனினும் கணக்குக் கொடுக்கும் நாளில் அவன் வராதிருந்ததில்லை.

இவ்வளவையும் உபாத்தியாயர் தனியே செய்ய இயலாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பாடசாலை நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்கவேண்டும். அங்கத்தினரில் பாதிப்பேர் ஸ்திரீகள். இது நமது சங்கக் கமிட்டிகளைவிடவும் நல்ல அமைப்பு. தீர்மானப் புஸ்தகத்தில் கையொப்பமிட்டுக் காபி குடித்துக் கலையும் கூட்டமாக அதை விட்டுவிடுவது ஊராரின் பிழை. பிள்ளை செய்த தவறைப்பற்றிக் கடிதம் வந்தால் மாத்திரம் தகப்பனாரை வரவழைப்பதும் கூடாது. தவறில்லாத நாளிலும் தாய் தகப்பனார் ஒரு முறையாவது பாடசாலைக்கு வந்திருந்தால், தவறு நேர்ந்த நாளில் உபாத்தியாயரும் அவர்களும் எதிரிகளாக நிற்கமாட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு மாத காலம் தாமதப் புஸ்தகம் ஒன்று வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமதமாக வந்த பிள்ளையின் பெயர், வந்த மணி, அப்பிள்ளை சொன்ன காரணம் ஆகிய மூன்றே பத்திகள்; தண்டனைக்குப் பத்தி வேண்டாம். கூட்டத்தில் அதைப் படித்தால், எத்தனை பிள்ளைகள் பஸ் வராததால் தாமதித்தார்கள், எத்தனை பேர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றார்கள், எத்தனை பேர் வெறுமனே திரிந்தார்கள் என்பது விளங்கும். இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதுமானது. பத்திகளுக்குக் கோடு போடும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.