மூக்கில் கத்தியா, கதிரா?

கேள்வி: கடற்தொழில் செய்யும் அப்பாவுக்கு மூக்கில் ஆறாத புண், ‘பேசல் செல்’ தோல் புற்றுநோயாம். சத்திரசிகிச்சைக்குப் பயப்படுகிறார். கதிர்ச்சிகிச்சை போதாதா?
— வாசகர், பேசாலை

பதில்: இரண்டிலும் குணமாகும், ஆனால் கத்திக்கே என் வாக்கு. முகத்தில் இதே நோய் வந்த 347 பேரை வைத்து 1997இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்குள் நோய் மிஞ்சியதோ திரும்பியதோ சத்திரசிகிச்சையில் 0.7 சதவீதம், கதிரில் 7.5. வெட்டியெடுத்த துண்டின் விளிம்பை நுண்காட்டியில் பார்த்து, வேரோடு போனதா என்று சொல்லிவிடலாம். கதிரில் அந்தச் சாட்சி கிடையாது. ‘முகம் கெட்டுவிடுமே’ என்பார். அதே ஆய்வில் தோற்றத்திலும் கத்திதான் முந்தியது. கதிர் பட்ட தோல் ஆண்டுகள் போகப்போக வெளிறி மெலியும். சத்திரசிகிச்சை என்றால் பெரும்பாலும் விறைப்பு ஊசி போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கதிர் என்றால் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய் வாரக்கணக்கில் தங்கவேண்டிவரும். படகு கரையில் காயும். வெட்டைத் தாங்காத முதிய உடலுக்கும், வெட்டினால் இமையோ மூக்கோ சிதையும் என்ற நிலைக்கும்தான் கதிரை வைத்திருக்கிறார்கள்.