‘சார், இதுல எல்எஸ்டி இருக்கு’: யூஸ்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு 2 லட்சம் கூட கொடுக்கலாமா?

நீங்க ஒரு யூஸ்டு பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் பார்க்குறீங்கன்னு வைங்க. விக்கிறவர், “இதுல லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கு, அதான் 2 லட்சம் கூட”ன்னு சொல்றார். அந்த 2 லட்சத்தையும் 11% வட்டியில 5 வருஷ லோன்ல போட்டா, இஎம்ஐ மட்டும் மாசம் சுமார் 4,350 ரூபாய் ஏறும். மொத்தமா கட்டுறது கிட்டத்தட்ட 2.61 லட்சம். அப்போ அந்த பார்ட் வண்டியில நிஜமாவே இருக்கான்னு பார்க்கணும் இல்லையா?

எல்எஸ்டி என்ன செய்யும்?

சாதாரண டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் பிடிமானம் இல்லாம சுத்த ஆரம்பிச்சா, இன்ஜின் பவர் அங்கேயே வீணாப் போகும். எல்எஸ்டி இருந்தா, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் பவர் போகும். வளைவுல ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

- எம் ஸ்போர்ட்: இது ஒரு வேரியன்ட் பெயர். பம்பர், வீல், ஸ்டியரிங் மாதிரி விஷயங்கள்தான் முக்கியமா மாறும். 330ஐ எம் ஸ்போர்ட் இந்த வகை.
- எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் லாக் கன்ட்ரோல்: பெயர்ல ‘லாக்’ இருக்கு, ஆனா தனி பார்ட் கிடையாது. சுத்துற சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடிக்கிற சாஃப்ட்வேர் வேலை.
- எம் ஸ்போர்ட் டிஃபரன்ஷியல்: இதுதான் நிஜமான எல்எஸ்டி. 2021-ல வந்த, சென்னை பிளான்ட்ல அசெம்பிள் ஆகுற எம்340ஐ-ல பின்பக்கம் இது இருக்கு.

மூணும் காதுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். விளம்பரத்துல குழப்பம் வர்றதும் இங்கதான்.

எப்படி செக் பண்றது?

1. ஆர்சியில 17 இலக்க சேசிஸ் நம்பர் இருக்கும். அதை ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல கொடுத்து, ஃபேக்டரியில போட்ட எக்விப்மென்ட் லிஸ்ட் கேளுங்க. இதுதான் முதல் ஆதாரம்.
2. வெளியில வாங்கி மாட்டினதுன்னு சொன்னா, பார்ட் பில், ஃபிட்டிங் பில் ரெண்டும் கேளுங்க. பில் இல்லன்னா அதுக்கு நீங்க போடுற மதிப்பு பூஜ்யம்.
3. மெக்கானிக்கை வச்சு லிஃப்ட்ல ஏத்துங்க. இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், பவர் போற ரெண்டு சக்கரமும் தரையில படக்கூடாது. ஒண்ணைக் கையால சுத்தும்போது மற்றது அதே திசையில சுத்தினா, பிளேட் வகை எல்எஸ்டிக்கு நல்ல அறிகுறி. எதிர்த் திசையில சுத்தினா, பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல்.

இந்த மூணாவது டெஸ்ட்ல ஒரு சிக்கல் இருக்கு. டார்சன் மாதிரி கியர் வகையும், எலக்ட்ரானிக்கா இயங்குற எம் ஸ்போர்ட் டிஃபரன்ஷியலும் இப்படி நிறுத்தி வச்சுப் பார்த்தா சாதாரணம் மாதிரியே காட்டலாம். அதனால லிஃப்ட் டெஸ்ட்டை மட்டும் நம்பி ‘இருக்கு’, ‘இல்ல’ன்னு முடிவு பண்ணாதீங்க. பேப்பர்தான் கடைசி வார்த்தை.

பணம் கொடுக்கும் முன்னாடி

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே இந்த செக் முடியணும். சேல் அக்ரிமென்ட்ல அந்த பார்ட் பெயரை எழுதி, இல்லன்னா அட்வான்ஸ் திரும்பன்னு ஒரு வரி சேருங்க. எழுத மாட்டேன்னு சொன்னா, அந்த 2 லட்சத்தைக் கழிச்சுட்டு விலை பேசுங்க.

இன்னொண்ணு: தினமும் ஆபீஸ் டிராஃபிக்ல மட்டும் ஓட்டப் போறீங்கன்னா, எல்எஸ்டி இருந்தாலும் அதோட பலன் உங்களுக்குப் பெருசா தெரியாது. தெரியாத பலனுக்கு 60 மாசம் இஎம்ஐ வேணுமான்னு யோசிங்க.