பொம்மைப் படை தேடும் இளம் சேகரிப்பாளருக்கு

பொம்மைப் போர்வீரர்களைச் சேகரிப்பவர் வெளியூர் கிளம்பும்போது முதலில் தேட வேண்டியது கடையின் முகவரி அல்ல. எதை வாங்கப் போகிறார் என்பதை அவர் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இத்துறையில் நான்கு பெரும் வகைகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பட்டறைகள் வெள்ளீயத்தில் வார்த்த தட்டைப் பொம்மைகள் மூத்தவை. அடுத்தது, லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் கொண்டுவந்த உள்ளீடற்ற ஈய வார்ப்பு. அச்சில் ஊற்றிய உலோகத்தின் வெளிப்புறம் இறுகியதும் உள்ளேயுள்ள குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். ஈயம் மிச்சமானது, விலை இறங்கியது. அந்நிறுவனத்தின் 54 மி.மீ. உயரமே பின்னாளில் பொது அளவாக நிலைத்தது. மூன்றாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய பிளாஸ்டிக் வீரர்கள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் சிறிய 1/72 அளவுப் பெட்டிகள் இதில் பெயர்பெற்றவை. நான்காவது, பெரியவர்களுக்கென்றே வண்ணம் தீட்டி விற்கப்படும் இன்றைய உலோகப் பொம்மைகள். வகைக்கு வகை கடையும் விலையும் மாறும்.

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் இருப்பவருக்குப் பயிற்சிக்களம் பக்கத்திலேயே இருக்கிறது. மூசி ஆற்றங்கரையிலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் குழந்தைகள் பிரிவில் பழைய பொம்மைப் படைகளைப் பார்க்கலாம்; வெள்ளிக்கிழமை விடுமுறை. சீருடையைப் படிக்கவும் வழி உண்டு. அருகிலுள்ள சைனிக்புரி முன்னாள் படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு. எந்தப் படைப்பிரிவுக்கு எந்தத் தலைப்பாகை, எந்தப் பட்டை என்பதை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஒரு மாலையில் விளக்கிவிடுவார்.

தமிழருக்கு இங்கே இன்னொரு தொடர்பும் உண்டு. 1806இல் உருவான சிக்கந்தராபாத் பாளையத்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் துணைப்படைக்கு ஆள் அனுப்பியது சென்னை ராணுவம்தான். அதன் காலாட்படையையும் ஈட்டிக் குதிரைப்படையையும் பிரிட்டன்ஸ் 1890களிலேயே பொம்மைகளாக்கியது. தொடங்குபவர் இப்படி ஒரு படைப்பிரிவை மட்டும் குறியாக வைத்துக்கொண்டால் பணமும் அலைச்சலும் மிச்சம்.

இந்தியாவில் பொம்மை வீரர்களுக்கென்றே கடை கிடைக்கும் என்று நம்பி ஊர் ஊராக அலைவது வீண். பழைய ஈய வீரர்கள் பழம்பொருள் கடைகளில் கடிகாரங்களுக்கும் பீங்கானுக்கும் நடுவே கலந்துகிடப்பார்கள். ஹைதராபாத்தில் சார்மினாரை அடுத்த மஹபூப் சௌக், ஜுமேராத் பஜார், மும்பையில் சோர் பஜாரின் மட்டன் தெரு, காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு ஆகியவை நின்று பார்க்க வேண்டிய இடங்கள். செட்டிநாட்டு வீடுகள் வெளிநாடுகளிலிருந்து தருவித்த பொருள்கள் காரைக்குடிக் கடைகளுக்கு வந்து சேர்வதால், அங்கே ஐரோப்பியப் பொம்மை கண்ணில் பட்டால் வியப்பில்லை. கடைக்காரரிடம் ‘பழைய பொம்மை இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டால் பலன் குறைவு. படத்தைக் காட்டி, உயரத்தைச் சொல்லி, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நல்ல சரக்கு பெரும்பாலும் இரண்டாம் வருகையில்தான் கைக்கு வரும்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. ஹாங்காங்கில் 1980களில் தொடங்கிய கிங் அண்ட் கன்ட்ரி, புதிய உலோக வீரர்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். பழைய பொம்மைகளுக்குக் கடைகளைவிடச் சந்தைகளே மேல். ஜெர்மனியின் குல்ம்பாக் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளீயப் பொம்மைச் சந்தை கூடுகிறது. அங்குள்ள பிளாசன்பர்க் கோட்டையில் அப்பொம்மைகளுக்கென அருங்காட்சியகமும் உண்டு. அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஷாம்பர்க்கிலும், லண்டனிலும் சேகரிப்பாளர் சந்தைகள் நடக்கின்றன. பயணத் தேதியைச் சந்தைத் தேதியோடு பொருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். சிறப்புக் கடைகள் பல ஒருவரே நடத்துபவை. சில முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருபவர்களுக்காக மட்டும் திறக்கும். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யாமல் போகக் கூடாது.

பொம்மை கைக்கு வந்ததும் நான்கைச் சோதிக்க வேண்டும். அடித்தளத்தில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா? வண்ணம் பழையதா, மேலே பூசியதா? கை, துப்பாக்கி, குதிரைக்கால் ஆகியவை ஒட்டப்பட்டவையா? சாம்பல் நிறத்தில் மாவு போல ஏதாவது உதிர்கிறதா? உதிர்ந்தால் ஈயம் அரிக்கப்படுகிறது என்று பொருள். அதை வாங்காமல் விடுவதே நல்லது. ஓக் போன்ற மர அலமாரியின் அமில ஆவி இந்த அரிப்பை வளர்க்கும் என்பதால் வீட்டிலும் கவனம் தேவை. மூலப் பெட்டியோடு முழுத் தொகுதி கிடைத்தால் விலை பல மடங்கு ஏறும். ஈயம் நச்சு என்பதால் தொட்டபின் கை கழுவ வேண்டும். குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

ஒவ்வொரு வீரனையும் மெல்லிய தாளில் தனித்தனியாகச் சுற்றி, கெட்டியான பெட்டியில் வைத்துக் கைப்பையில் கொண்டுவருவது பாதுகாப்பு. ரசீது கையில் இருந்தால் சுங்கத்தில் பேச்சு குறையும். அஞ்சலில் வரவழைப்பவர் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 60 விழுக்காடாகவும் 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. நூறு ஆண்டு கடந்த கலை, வரலாற்றுப் பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அதனால் இங்கே வாங்கிய பழைய பொம்மையை வெளிநாட்டுச் சந்தையில் மாற்றிக்கொள்ள நினைப்பவர் முதலில் தொல்லியல் துறையிடம் விளக்கம் பெற வேண்டும்.

முதல் பயணத்துக்கு ஒரு படைப்பிரிவு, ஓர் அளவு, ஒரு விலை வரம்பு போதும். அந்த வரம்புக்குள் எதுவும் சிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பத் தெரிந்தவரே நல்ல சேகரிப்பாளர்.