இயந்திர அறிவும் மாந்தர் மதிப்பீடும்

ஒரு கருவியை ஆராய்தலினும், மக்கள் அதனோடு எங்ஙனம் பழகுகின்றனர் என்பதை ஆராய்தல் அரிது. கருவியின் ஆற்றலை அளந்தறியலாம். அதனைக் கையாளுவோர் நிலையையோ அவர்தம் வாய்மொழி ஒன்றையே கொண்டு துணிதல் இயலாது. செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தும் இல்லத்தும் புகுந்துள்ள இந்நாளில் இவ்வுண்மை பெரிதும் கருதத்தக்கது. அதனை மூன்று சான்றுகளால் விளக்குவாம்.

முதலாவது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்னும் கணிப்பொறி நிரல். அது மனநல மருத்துவர் போல, ஒருவர் தட்டெழுதிய வாக்கியத்தையே திருப்பி வினாவாக்கித் தருமேயன்றிப் பொருள் யாதும் உணராது. அது உருவாகியதைப் பல திங்கள் கண்டிருந்த அவர்தம் செயலாளரே, அதனோடு சில சொற்கள் பரிமாறியபின், தனித்து உரையாடும்பொருட்டுப் பேராசிரியரை அறையினின்றும் வெளியேற வேண்டினர். இதனால் திடுக்கிட்ட அவர், 1976இல் எழுதிய நூலில் இந்நிகழ்ச்சியைக் கூறித் தம் கவலையை வெளியிட்டார்.

இரண்டாவது, பயன் பற்றியது. எரிக் பிரிஞ்ஜால்ஃப்சன் முதலிய மூவர் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வாடிக்கையாளர் குறைதீர்க்கும் பணியாளர் 5,179 பேரை நோக்கியது. விடை கூறுதற்கு நுண்ணறிவுக் கருவி துணைநின்றபோது, ஒரு மணியில் அவர் தீர்த்த குறைகள் சராசரி 14 விழுக்காடு மிகுந்தன. புதியோர்க்கு 34 விழுக்காடு மிகுந்தன. தேர்ந்தோர்க்கோ பயன் மிகச் சிறிதே. தேர்ந்தோர்தம் வழக்கங்களைக் கருவி புதியோர்க்குப் பரப்பியது போலும் என ஆய்வாளர் கருதினர்.

மூன்றாவதே நம் கருத்துக்கு முதன்மையானது. 2025இல் மீட்டர் என்னும் ஆய்வு நிறுவனம், தேர்ந்த நிரலாளர் 16 பேர் தாம் நன்கறிந்த நிரற்றொகுதிகளிற் செய்த 246 வேலைகளை ஆராய்ந்தது. எவ்வேலைக்குக் கருவியைக் கொள்ளலாம், எதற்குக் கொள்ளலாகாது என்பது குலுக்கல் முறையால் வகுக்கப்பட்டது. தொடங்குமுன், கருவியால் 24 விழுக்காடு காலம் குறையும் என்றனர் நிரலாளர். முடித்தபின், 20 விழுக்காடு குறைந்ததென்றனர். அளவையோ, 19 விழுக்காடு காலம் மிகுந்தமை காட்டிற்று! அவர் பொய்யுரைத்தாரல்லர். உழைப்பு எளிதாகத் தோன்றுமிடத்துக் காலமும் குறைந்ததாகத் தோன்றும் போலும்.

இவ்வாய்வு 16 பேரளவிற்று. அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்த கருவிகளைப் பற்றியது. ஆகலின் இதனை எல்லார்க்கும் எத்தொழிற்கும் ஏற்றிக் கூறல் பொருந்தாது. ஆயினும், இத்துறையில் ஆராயப் புகுவோர் வினாவி விடைபெறுதலோடு அமையாது, செய்கையையும் சென்ற காலத்தையும் விளைந்த பயனையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும் என்பது இதனால் தெளிவாம்.

மாணாக்கராகிய நமக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. கருவியின் துணையாற் கட்டுரை விரைந்து முடிந்ததென மகிழுமுன், அதனை மூடிவைத்து, கற்றது எவ்வளவென நம்மை நாமே சோதித்தறிதல் கடன். நமக்கு ஒப்புவிக்கப்பட்ட தாலந்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் நாமே, கருவியன்று.