நடுங்கும் ஐடிலிங்: கரிதான் காரணமா?

கேள்வி: என்னிடம் 2015 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், 64,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரும்பாலும் ஊருக்குள்ளேயேதான் ஓட்டம், எப்போதாவது தஞ்சாவூர். இரண்டு மாதமாக வண்டி நின்றபடி ஓடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஏ.சி. போட்டால் அணைந்துவிடுவதுபோல் ஆர்.பி.எம். இறங்குகிறது. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. சர்வீஸில், 'கார்பன் பிடித்துவிட்டது, ஹைட்ரஜன் கிளீனிங் செய்தால் சரியாகிவிடும்' என்கிறார்கள். செய்யலாமா ஐயா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் இன்ஜினில் கரியே இல்லை என்று சொல்ல வரவில்லை. இத்தனை கிலோமீட்டர் ஓடிய எந்தப் பெட்ரோல் வண்டியிலும் அது கொஞ்சம் இருக்கும். எங்கே பிடித்திருக்கிறது என்று பார்க்காமலேயே சிகிச்சைக்குப் பணம் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது: ஓட்டத்தில் குறையில்லை, நிற்கும்போது மட்டும் நடுக்கம். பிஸ்டன் தலையில் கரி மிஞ்சிப்போனால் அது பெரும்பாலும் பளு ஏறும்போது, பாலம் ஏறும்போது, 'நாக்கிங்' சத்தமாகத் தெரியும். நிற்கையில் மட்டும் தலைகாட்டும் கோளாறை முதலில் தேட வேண்டிய இடம், காற்று உள்ளே போகும் பாதை.

அந்தப் பாதையில் முதல் சந்தேகம் த்ராட்டில் பாடி. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயுவும் ஆயில் ஆவியும் திரும்பவும் காற்றுப் பாதைக்கே அனுப்பப்படுகின்றன. சூடான வண்டியை அணைத்த பிறகு அந்த ஆவி த்ராட்டில் தகட்டைச் சுற்றிப் படிந்து பிசுக்காகிறது. ஏர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் விளிம்பு குழாய்ச் சுவரைத் தொடும் இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். மடையை முழுக்கத் திறந்திருக்கும்போது பலகையோரத்துச் சேறு ஒரு பொருட்டே இல்லை. ஒரு விரற்கடைதான் திறந்திருக்கிறது என்றால் அதே சேறு பாதித் தண்ணீரை மறித்துவிடும். ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு திறந்திருப்பதும் அப்படி மெல்லிய இடைவெளிதான். அடைபட்ட காற்றை ஈடுகட்ட, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்துகொண்டே வரும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் நிற்கும்போது ஏ.சி. கம்ப்ரஸரின் பளுவும் சேர்ந்தால், நீங்கள் எழுதியிருப்பதுதான் நடக்கும். இந்தப் பிசுக்கைத் துடைக்கச் சில நூறு ரூபாய் த்ராட்டில் பாடி கிளீனரும் நல்ல துணியும் போதும். சாவி போட்டிருக்கையில் தகட்டை விரலால் தள்ளக் கூடாது, உள்ளிருக்கும் சிறு கியர்கள் கெட்டுவிடும். துடைத்தபின் ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈ.சி.யூ. பழைய கணக்கிலேயே இருந்து ஆர்.பி.எம். ஏறி நிற்கலாம்.

இனி ஹைட்ரஜன் கிளீனிங். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துக் கிடைக்கும் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் இன்ஜினின் காற்றோடு கலந்து உள்ளே விடுகிறார்கள். அந்த வாயு எரிவது சிலிண்டருக்குள். த்ராட்டில் பாடியை அது எரியாமலேயே கடந்து போகிறது. அங்கிருக்கும் பிசுக்கை எப்படி எடுக்கும்? சிலிண்டருக்குள் இருக்கும் கரிக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும், இந்தக் கிளீனிங்கின்போது பளுவே இல்லாமல் நின்று ஓடும் இன்ஜினைவிட, தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும் இன்ஜினில்தான் சூடு அதிகம். 'செய்தவர்களுக்கு வண்டி மென்மையாகிவிட்டதே' என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே பேக்கேஜில் த்ராட்டில் பாடியைத் துடைத்து, பிளக்கை மாற்றி, ஈ.சி.யூ.வை ரீசெட் செய்திருந்தால் பலன் எதனால் வந்தது? வேலைக்கு முன்னும் பின்னும் சிலிண்டருக்குள் எடுத்த போர்ஸ்கோப் படம், கம்ப்ரஷன் அளவு இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் யோசிக்கலாம்.

த்ராட்டில் சுத்தமாகியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் ஓ.பி.டி. ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் ஈ.சி.யூ. செய்யும் திருத்தம், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் அது பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக நின்று, 2,500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எங்கோ ஏர் லீக் இருக்கிறது. பி0301 முதல் பி0304 வரை ஏதாவதொரு எரர் கோடு வந்தால் எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பது தெரிந்துவிடும். அதன் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள், கோடும் கூடவே மாறினால் குற்றவாளி காயில்தான். உங்கள் காவிரி டெல்டாவில் எலியையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வரப்பு எலிகளுக்கு வயலில் இரை குறைகிறது. பானட்டுக்குள் புகுந்து வேக்குவம் குழாயையோ இன்ஜெக்டர் ஒயரையோ அவை கடித்துவைத்தால், கரி பிடித்த இன்ஜினின் அத்தனை அறிகுறிகளும் வரும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நெல்லும் உமியும் கிடந்தால் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

அந்த ஃபில்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையங்களைச் சுற்றிச் சாலையிலேயே நெல் காய்கிற ஊர்கள் இவை. அறுப்பு இயந்திரம் கிளப்பும் தூசியும் குறைவில்லை. நெல் உமியில் சிலிக்கா அதிகம், மண் தூசியிலும் அதுதான். ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும், நேரடியாகக் கரி சேராது. கம்ப்ரஸர் காற்றை அடித்து அடித்துத் தாள் பொத்தலான ஃபில்டர்தான் ஆபத்து. உள்ளே போகும் தூசி ரிங்குகளைத் தேய்க்கிறது, தேய்ந்த ரிங் வழியே ஆயில் ஆவி கூடுகிறது, அந்த ஆவிதான் த்ராட்டிலில் பிசுக்காகிறது. எனவே காற்றடித்து ஒப்பேற்றாமல் அறுவடைக்குப் பின் புது ஃபில்டர் போடுங்கள். இன்ஜின் சூடேறும் முன்பே அணைத்துவிடும் ஊருக்குள் ஓட்டமும் கரியைக் கூட்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்பவர்களும் உண்டு. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அது பெட்ரோலைவிடக் குறைந்த கரியோடுதான் எரிகிறது. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. உங்களுடையது போன்ற பழைய வண்டிகளில் கவனிக்க வேண்டியவை ரப்பர் குழாய்களும், எத்தனால் ஈர்க்கும் ஈரமும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டியைப் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

இவ்வளவும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு. அவற்றில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் தெளித்து அதைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. டி.எஸ்.ஐ., டர்போ ஜி.டி.ஐ. போன்ற நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்வதால் வால்வுக்கு அந்தக் கழுவல் கிடையாது. அங்கே கரி நிஜமான பிரச்சினை. ஆனால் அதற்கும் வழி ஹைட்ரஜன் அல்ல. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சி வால்வைச் சுரண்ட வேண்டும். கழற்றாமல் அடிக்கும் ஸ்பிரே புதிய படிவைக் குறைக்கலாம், இறுகியதை எடுக்காது.